25 பேருக்கு இட்லி: மாவு அளவும் அரைக்கும் நேரமும்

காரைக்குடியில் 25 பேருக்கு இட்லி போட, முதல் நாள் 4 கிலோ அரிசி போட்டுச் சாயங்காலமே அரைத்த மாவு பொங்கி வழிந்து புளித்துவிட்டதாகவும், அளவும் நேரமும் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். 2 கிலோ இட்லி அரிசி, அரைக் கிலோ முழு உளுந்து, ஒரு மேசைக்கரண்டி வெந்தயம். ஆளுக்கு நாலு வீதம் 25 பேருக்கு இதுவே சரி. நூறு இட்லிக்குக் கொஞ்சம் மேலேயே வரும். நீங்கள் போட்ட 4 கிலோ அரிசி அதிகம்.

முதல் நாள் மாவு பொங்கி வழிந்து புளித்ததற்கு உளுந்தைக் குறை சொல்ல வேண்டாம். சாயங்காலம் 4 மணிக்கே அரைத்து வைத்தால், காரைக்குடி வெயிலில் விடிவதற்குள் 14 மணி நேரம் ஆகிவிடும். அந்தச் சூட்டுக்கு ஆறேழு மணி நேரமே தாராளம். இரவு 10 மணிக்கு அரையுங்கள். உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டினால் கல் சூடேறாது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

காலையில் ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதந்தால் ஊற்றலாம். அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

புளித்த மாவைக் கொட்ட வேண்டாம். இரண்டு கை பச்சரிசி மாவு கலந்து, கடுகு, கடலைப்பருப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரமாக ஊற்றுங்கள். காரச் சட்னியோடு புளிப்பே தெரியாது. ஒரு பணியாரக் கல்லில் குழிகள் கொஞ்சம்தான் என்பதால் இரண்டு கல் வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பந்திக்குப் பதினொரு மணி ஆகிவிடும்.

மிச்ச மாவைப் பெரிய அண்டாவோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுவில் குளிர் ஏறாது, உள்ளே புளித்துக்கொண்டே இருக்கும். சின்னத் தூக்குகளில் பிரித்து வையுங்கள். மேலே இளஞ்சிவப்புப் படலம் கண்டால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.