முதல் ஜாக்கெட்டுக்கு சாட்டின் வேண்டாம்மா

கேள்வி: அக்கா, மூணு மாசமா டெய்லரிங் கிளாஸ் போறேன். என் ஜாக்கெட்ட நானே தைக்கணும்னு ஆசைப்பட்டு சௌகார்பேட்டை போய் சாட்டின் வாங்கிட்டு வந்து, பழைய அளவு ஜாக்கெட்ட மேல வச்சு வெட்டினேன். இப்ப கழுத்து தோள்லேர்ந்து வழுக்கிட்டே இருக்கு, கைய தூக்குனா மொத்த ஜாக்கெட்டும் மேல ஏறுது. கைக்குழி டைட்டுன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் வெட்டி விட்டேன், முன்னவிட மோசமாயிடுச்சு. எனக்கு தையல் வராதா?
– வாசகி, கொளத்தூர்

பதில்: உனக்கு நல்லாவே வரும்மா, மனச விடாத. சாட்டின் கத்தரிக்கோலுக்கு கீழயே நழுவும், பின் குத்துன ஓட்டை அப்படியே நிக்கும், ஒரு தையல பிரிச்சா தடம் போகாது, ஓரம் வேற நூல் நூலா பிரியும், பிரிச்சு பிரிச்சு கத்துக்குற ஆளுக்கு அந்த துணி ஒத்தே வராது. பாப்ளின், கேம்ப்ரிக், டூ பை டூ இந்த மாதிரி காட்டன்ல மூணு நாலு ஜாக்கெட் தைச்சுட்டு அப்புறம் சாட்டினுக்கு போ. கடைல மொதல்ல பன்னா, அதாவது துணியோட அகலம், எத்தன இன்ச்னு கேளு, 36 பன்னான்னா 1 மீட்டர், 44 பன்னான்னா 80 செ.மீ. பொதுவா ஜாக்கெட்டுக்கு போதும், கை நீளமா வேணும்னா கூட கொஞ்சம் வாங்கிக்கோ. வெட்டுறதுக்கு முன்னாடி துணியவும் லைனிங்கையும் ராத்திரி தண்ணில ஊற வச்சு காய வச்சு அயர்ன் பண்ணு (பட்டுத் துணிய மட்டும் நனைக்காத, லைனிங்க மட்டும் நனை). இத செய்யாததால தான் நெறைய பேருக்கு ஒரு தடவ தொவைச்சதும் லைனிங் மட்டும் சுருங்கி மேல் துணி சுருக்கம் சுருக்கமா நிக்குது.

இப்ப கைக்குழி. எல்லாரும் இதுல தான் ஏமாறுறாங்க, நானும் ஆரம்பத்துல இதே தான் பண்ணேன். கைக்குழி அக்குளுக்கு கிட்ட மேல இருந்தா தான் கை தனியா அசையும். கீழ எறக்கி வெட்ட வெட்ட, கைய தூக்கும்போது சைடு துணியையும் சேத்து இழுத்துட்டு போகும், அதான் ஜாக்கெட் மேல ஏறுது. வெட்டுன துணிய திரும்ப ஒட்ட முடியாது, ஆனா மிச்ச சாட்டின்ல டைமண்ட் ஷேப்ல சின்ன துண்டு வெட்டி அக்குள்ல ஒட்டு குடுத்தா கைய தூக்க இடம் கெடைக்கும், வெளிய தெரியாது. கழுத்து வழுக்குதுன்னா முன்னாடியும் பின்னாடியும் ரெண்டுமே எறக்கமா வெட்டிருப்ப, இந்த ஜாக்கெட்டுக்கு பின்பக்கம் ஒரு நாடா வச்சு கட்டிக்கோ, அடுத்ததுல ஏதாவது ஒரு பக்கம் மட்டும் எறக்கு, கழுத்து அகலத்தையும் அரை இன்ச் கொறச்சுக்கோ.

அளவு ஜாக்கெட்ட அப்படியே நம்பாதம்மா, அது போட்டு போட்டு இழுபட்டது, எத்தன தடவ பிரிச்சு தைச்சதோ. உடம்புல அளவு எடு, அதுவும் நீயா எடுத்தா கைய தூக்கும்போதே அளவு மாறிடும், அம்மாவையோ தங்கச்சியையோ எடுக்க சொல்லு, எந்த பிரா போட்டு ஜாக்கெட் போடுவியோ அதையே போட்டுக்கோ. மார்பு சுத்தளவோட 1லேர்ந்து 2 இன்ச் லூஸ் சேத்துக்கோ, நம்ம சென்னை வேர்வைக்கு ஒட்டி புடிச்சா போட்டுக்கவே முடியாது. சைடுல உள்ள ஒன்றரை இன்ச் துணி விடு, நாளைக்கு வெயிட் போட்டா பிரிச்சுக்கலாம்.

நல்ல துணில கத்தரி வைக்கிறதுக்கு முன்னாடி காடா துணில (சாயம் போடாத சாதா காட்டன்) ஒண்ணு வெட்டி, கையால பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு மாட்டிப் பாரு. உக்காரு, குனி, பஸ்ல மேல கம்பி புடிக்கிற மாதிரி கைய தூக்கு. மார்பு பக்கம் பாத்து சுருக்கம் இழுத்துகிட்டு நின்னா அங்க துணி பத்தல, துணி தொங்குனா அதிகம், அங்கயே சாக்பீஸ்ல கோடு போட்டு, பிரிச்சு, அந்த காடாவையே பேட்டர்னா வச்சுக்கோ. அரை நாள் போகும், ஆனா அதுக்கப்புறம் நீ வெட்டுற ஒவ்வொரு ஜாக்கெட்டும் உன் உடம்புக்குன்னே உக்காரும்.

கேள்வி: மெல்லிசு துணில மட்டும் தையல் விட்டு விட்டு விழுது, மெஷின் ரிப்பேரா அக்கா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: மெக்கானிக்க கூப்பிடுறதுக்கு முன்னாடி ஊசிய மாத்துங்க. சாதா காட்டனுக்கு 14ஆம் நம்பர், மெல்லிசுக்கு 11, ஜீன்ஸ் மாதிரி தடிமனுக்கு 16. புது ஊசிய முழுசா மேல ஏத்தி ஸ்குரூவ டைட் பண்ணி, மிச்ச துணில ஒரு கோடு ஓட்டிப் பாருங்க.