ராத்திரி ஒன்றரை மணிக்கு யார் விழித்திருப்பது?

குமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். உள்ளூர்ப் போட்டிகளில் ரெஃப்ரியாகவும் நின்றிருக்கிறேன். ‘டிவியில் ஃபுட்பால் பார்க்கிற ஆசையே போய்விட்டது, உங்களுக்குப் போகவில்லையா?’ என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டதால், கேள்வியை எழுதித் தாருங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

முன்பெல்லாம் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பேன். இப்போது இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுகிறேன். ஆட்டம் மோசமாகிவிட்டதா, எனக்கு வயதாகிவிட்டதா சார்? (கொல்லங்கோடு)

வயதுதான். கோபப்படாதீர்கள், எனக்கும் அதே கதைதான். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் பெரிய ஆட்டங்கள் நமக்குக் கோடையில் இரவு 12.30க்கு, குளிர்காலத்தில் 1.30க்குத் தொடங்கும். காலையில் வேலைக்குப் போகிறவர் எத்தனை நாள் விழித்திருப்பார்?

ஆனால் ஆட்டம் மோசம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1990 உலகக் கோப்பையைப் பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்தேன். முதல் ஆட்டத்திலேயே கேமரூன் ஒன்பது பேரோடு நின்று அர்ஜென்டினாவை 1-0 என்று சாய்த்தது. அன்று நாங்கள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் ‘அந்தக் காலம் போல வருமா’ என்கிறோம். உண்மையில் அந்த உலகக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல்தான், உலகக் கோப்பை வரலாற்றிலேயே குறைவு. இறுதி ஆட்டமும் ஒரே ஒரு பெனால்டியில் முடிந்தது. டிஃபெண்டர் கோல்கீப்பரிடம் தட்டுவான், கோலி கையில் எடுப்பான், மறுபடி அவனிடமே உருட்டுவான், மறுபடி கோலியிடம் வரும். பார்க்கிறவன் கொட்டாவி விட்டான். சக வீரன் காலால் கொடுத்த பந்தைக் கோலி கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல் வந்தது இதனால்தான். இப்போது கணக்கைப் பாருங்கள்: 2023-24 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 380 ஆட்டம், 1,246 கோல். சராசரி 3.28.

அப்படியானால் ஏன் சலிக்கிறது? (நித்திரவிளை)

அளவுதான் காரணம் என்பேன். 1998 முதல் 2022 வரை உலகக் கோப்பையில் 32 அணி, 64 ஆட்டம். 2026இல் அது 48 அணி, 104 ஆட்டம். சாம்பியன்ஸ் லீக் 125 ஆட்டமாக இருந்தது, 2024-25இலிருந்து 189. ஓய்வெடுக்க வேண்டிய 2025 ஜூன், ஜூலையில் 32 கிளப்புகளை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய் உலகக் கிளப் கோப்பை என்று 63 ஆட்டம் நடத்தினார்கள். மூன்று வேளையும் நெய்மீன் வைத்தால் நாலாம் நாள் கருவாடு இருக்கிறதா என்றுதான் கேட்போம்.

ஆடுகிறவனையும் யோசிக்க வேண்டும். 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, ஆட்டங்கள் இப்படியே கூடினால் வீரர்கள் வேலைநிறுத்தம் வரை போவார்கள் என்றார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆர்சனலோடு ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தப் பருவம் ஏறக்குறைய முழுக்க வீட்டில். அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான பாலன் டி ஓர் விருதை ஊன்றுகோலோடு வந்து வாங்கினார். நல்ல ஆட்டக்காரன் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தால் நாம் யாரைப் பார்க்க?

ஜெயிக்கிறவனே ஜெயிக்கிறானே அண்ணே? (மார்த்தாண்டம்)

உண்மை. ஜெர்மனி லீக்கில் பேயர்ன் தொடர்ந்து 11 வருடம், இத்தாலியில் யுவெண்டஸ் 9, இங்கிலாந்தில் சிட்டி 4. பணம் இருக்கிற இடத்தில் கோப்பை. ஆனால் 2023-24இல் லெவர்குசன் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பேயர்னை இறக்கியதைப் பார்த்தீர்களா? பார்க்காவிட்டால் நஷ்டம் உங்களுக்கு.

விஏஆர் (வீடியோ பார்த்து ரெஃப்ரியின் முடிவைச் சரிபார்ப்பது) வந்தபிறகு கோல் விழுந்தால் கத்தவே பயமாக இருக்கிறது. ரெஃப்ரியாக நின்றவர் என்பதால் நீங்கள் அதற்கு ஆதரவுதானே? (குழித்துறை)

இல்லை. 2018 உலகக் கோப்பையில் அது வந்தபோது சந்தோஷப்பட்டேன். ஒரு கோஷ்டியின் கோலை ஆஃப்சைடு (பந்து வரும்முன்பே டிஃபெண்டர்களைத் தாண்டி நின்றது) என்று தப்பாக மறுத்துவிட்டு, அந்த ஊர் வழியாக ஒரு மாதம் போகாமல் இருந்தவன் நான். இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. தோள்பட்டை முன்னால் இருந்ததா என்று கோடு போட்டுப் பார்ப்பதற்குள் கத்த வந்தவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறான். பந்து கோட்டைத் தாண்டியதா என்று பார்க்கட்டும், அதோடு விடட்டும்.

மகனுக்கு 14 வயது. ஃபோனில் இரண்டு நிமிட ஹைலைட்ஸ்தான் பார்க்கிறான், முழு ஆட்டம் உட்காருவதில்லை. (ஒரு தாய், குளச்சல்)

இளைஞர்கள் விலகிப் போகிறார்கள் என்பதைக் காரணமாகச் சொல்லித்தானம்மா 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று தனியாகச் சூப்பர் லீக் தொடங்கப் பார்த்தன. இங்கிலாந்து ரசிகர்களே தெருவில் இறங்க, மூன்று நாளில் பெரும்பாலான கிளப்புகள் கழன்றுகொண்டன. பையன் சாயங்காலம் மைதானத்துக்குப் போகிறானா? போனால் கவலை வேண்டாம். ஹைலைட்ஸில் பந்து வைத்திருப்பவன் மட்டும் தெரிவான், இடம் பார்த்து ஓடுகிற மற்ற பத்துப் பேர் தெரிய மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாதி ஆட்டமாவது கூட உட்கார்ந்து, பந்து இல்லாதவன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாது என்பதாலேயே சொல்லித்தருவான்.

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஏன் நம் ஊரில் எடுபடவில்லை? (கருங்கல்)

நம் கடற்கரையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் ஆடிய நாட்களில் எடுபட்டதே. சென்னை சிட்டி 2018-19இல் நம் நாட்டின் இன்னொரு லீக்கான ஐ-லீக்கையே ஜெயித்தது. தெரிந்த முகம் இருந்தால் பார்ப்போம். ஆனால் 2025இல் தொடங்க வேண்டிய ஐஎஸ்எல் பருவம் ஒப்பந்தச் சிக்கலில் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. எப்போது நடக்கும் என்றே தெரியாமல் கிடந்ததற்கு யார் காத்திருந்தார்?

அண்ணே, ஒரு மாதம் தங்கல் (கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போய்விட்டுக் கரைக்கு வரும்போது எல்லா முடிவும் தெரிந்துவிடுகிறது. பழைய ஆட்டத்தைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? (வள்ளவிளை)

மக்கா, 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை முடிவு தெரிந்தே நாலு தடவை பார்த்துவிட்டேன். 80ஆவது நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0, அப்புறம் இரண்டு நிமிடத்துக்குள் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு கோல், 3-3, பெனால்டி. எல்லோரும் அந்தக் கடைசி நேரத்தைத்தான் பேசுவார்கள். நீ முதல் நிமிடத்திலிருந்து பார். இடது ஓரத்தில் அர்ஜென்டினாவின் டி மரியாவை மட்டும் கவனி. 64ஆவது நிமிடம் அவரை வெளியே எடுத்தபிறகு ஆட்டம் எப்படிச் சாய்கிறது என்று பார்த்துவிட்டு வா, பேசலாம்.