கடல்நீர்த் தொட்டி: முருகைக்கல்லோடு எந்த மீன் ஒத்துப்போகும்?

இம்முறை வந்த கடிதங்களில் கடல்நீர்த் தொட்டி பற்றியவையே அதிகம். எல்லாருக்கும் இருப்பது ஒரே கவலைதான்: காசு செலவழித்து வளர்க்கும் முருகைக்கல்லை, அதாவது பவளத்தை, ஆசைப்பட்டு வாங்கிய மீனே தின்றுவிடுமா? அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, நாலடித் தொட்டியில் தோல் முருகை, காளான் முருகை, முருகையின் உறவான சோவாந்திட் கொஞ்சம் எல்லாம் பிடித்துவிட்டன. இனி மீன் விடலாம் என்று கடைக்குப் போனால் எதைக் கேட்டாலும் "ரீஃப் சேஃப்", முருகைக்குக் கெடுதல் செய்யாது என்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?
— வாசகர், கொக்குவில்

பதில்: கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. இந்த மீன் கடலில் எதைத் தின்று வாழ்கிறது என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடிக்குள் வந்துவிட்டது என்பதற்காக மீன் தன் வாய்ப்பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது.

நீரில் மிதந்துவரும் சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்பவைதான் முதல் தெரிவு. குரோமிஸ், கார்டினல், ஃபயர்ஃபிஷ், கோமாளி மீன் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு முருகைக்கல் ஒளிந்துகொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். கோமாளி மீனில் தொட்டியிலேயே பொரித்து வளர்த்த சோடியைக் கேட்டு வாங்குங்கள், அவை உலர் உணவுக்குப் பழகியிருக்கும், நோயும் குறைவு. கோமாளி மீன் என்றால் அனிமோனும் (கடற்சாமந்தி) வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அனிமோன் இருந்த இடத்தில் இராது, இரவோடிரவாக நகர்ந்து போய்ப் பக்கத்து முருகைகளைச் சுட்டுவிடும், போகிற வழியில் பம்பில் மாட்டி அரைபட்டால் தொட்டித் தண்ணீரே கெட்டுப்போகும். கோமாளி மீன் அது இல்லாமலே சந்தோஷமாக இருக்கும்.

அடுத்தது பாசி தின்பவை. லோன்மோவர் பிளெனி கல்லில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும், பார்க்கவும் நல்ல பொழுதுபோக்கு. டேங் என்ற மீன் வகைகளும் முருகைக்கல்லுக்குக் கெடுதல் செய்யாதவை, ஆனால் அவற்றுக்கு நீந்த இடம் வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் நீல டேங் 30 சென்ரிமீற்றர் வரை வளரும், நாலடித் தொட்டி அதற்குப் போதாது. நம் கடலிலேயே இருக்கும் பவுடர் புளூ டேங் கொள்ளை வடிவு என்றாலும் சண்டைக்காரன், வெள்ளைப்புள்ளி நோயும் அதற்குத்தான் முதலில் வரும். உங்கள் அளவுக்கு ஒரு கோல் டேங் போதும். ஃபாக்ஸ்ஃபேஸ் என்று விற்பது நம் ஓரா மீனின் இனம்தான். அதுவும் பாசிதான் தின்னும், ஆனால் வயிறு காய்ந்தால் முருகையைக் கொத்திப் பார்க்கும், அதனால் கடற்பாசித் தாள் தினமும் கட்டிவிட வேண்டும். தொட்டிக்குள் கை விடும்போதும் கவனம், ஓரா முள் குத்தினால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருங்கள்.

சிங்கமீனும் கலவாயும் முருகைக்கல்லைத் தொடாது. ஆனால் வாய்க்குள் போகும் அளவான மீனையும் இறாலையும் மிச்சம் வைக்காது. கடைக்காரர் "ரீஃப் சேஃப்" என்று சொன்னால் பொய் இல்லை, உங்கள் தொட்டிக்குத்தான் ஆகாது.

அப்புறம், விடுகிற ஒழுங்கும் முக்கியம். பயந்த சுபாவம் உள்ளதை முதலில் விடுங்கள், சிக்ஸ்லைன் ராஸ் மாதிரி இடம் பிடித்து விரட்டும் மீன் கடைசியாகத்தான் வரவேண்டும். மேலே வலை போடாமல் ஃபயர்ஃபிஷ் வாங்காதீர்கள், துள்ளித் தரையில் விழுந்து காய்ந்து கிடக்கும்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு வண்ணத்துப்பூச்சி மீன் என்றால் உயிர். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா? எம்பரர் ஏஞ்சலும் கேட்கிறான். தொட்டியில் முருகைக்கல் இருக்கிறது.
— வாசகி, நல்லூர்

பதில்: வேண்டாம், தங்கச்சி. வண்ணத்துப்பூச்சி மீனின் வாயைக் கிட்ட நின்று பாருங்கள், சாவணம் மாதிரி ஒடுங்கியிருக்கும். முருகையின் சின்னச் சின்னப் பூவுடல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கத்தான் அந்த வாய். மெலன், செவ்ரன் போன்ற இனங்களுக்கு முருகைதான் சாப்பாடே. முருகை உள்ள தொட்டியில் விட்டால் முருகை போகும், இல்லாத தொட்டியில் விட்டால் மீன் பட்டினியில் மெலிந்து சாகும். இப்படிப்பட்ட மீனைக் கடலில் பிடிப்பதையே நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொப்பர்பாண்ட் என்பது மட்டும் ஐப்டேசியா என்ற களை அனிமோனைத் தின்னும் என்று வாங்குவார்கள். சில வீட்டில் தின்னும், சில வீட்டில் குழாய்ப்புழுக்களை முடித்துவிட்டுப் பட்டினி கிடக்கும். பிள்ளையின் முதல் மீனுக்கு அது சரிவராது.

எம்பரர் ஏஞ்சல் குஞ்சில் கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு இருக்கும், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் மயங்குவது. வளர்ந்தால் 40 சென்ரிமீற்றர், கடற்பஞ்சையும் முருகையையும் கொத்தித் திரியும். குள்ள ஏஞ்சல் வகைகள் முருகையைக் கொத்துமா விடுமா என்பதோ அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கிளாத்தி, பேத்தை, கிளிமீன் மூன்றையும் யோசிக்கவே வேண்டாம், மூன்றுக்கும் கல்லையும் ஓட்டையும் உடைக்கும் பல்.

மகனுக்கு நான் சொல்வது கோபி என்ற சின்ன மீன் ஒன்றும் அதோடு சேர்ந்து வாழும் பிஸ்டல் இறாலும். இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு, அது மணலில் வளை தோண்டி மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு மீசையை எப்போதும் கோபியின் மேல் வைத்திருக்கும். வாசலில் காவல் நிற்கும் கோபி ஆபத்தைக் கண்டால் வாலைச் சிலிர்க்கும், அடுத்த கணம் இரண்டும் உள்ளே. முருகைக்கு ஒரு கெடுதலும் இல்லை, பிள்ளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். கற்களை மட்டும் மணலின் மேல் வைக்காமல் தொட்டியின் அடியிலேயே ஊன்றி வையுங்கள், இறால் தோண்டினால் சரிந்துவிடும்.

கேள்வி: ஐப்டேசியா தின்னட்டும் என்று பெப்பர்மிண்ட் இறால் வாங்கி விட்டேன். ஐப்டேசியா அப்படியே இருக்கிறது, சோவாந்திட்தான் ஒவ்வொரு காலையும் குறைகிறது. ஏன்?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: நீங்கள் வாங்கியது பெப்பர்மிண்ட்தானா என்று முதலில் பாருங்கள். ஒட்டக இறாலை அந்தப் பெயரில் விற்பது அடிக்கடி நடக்கிறது. பெப்பர்மிண்டின் உடல் கண்ணாடி போலத் தெளிந்து, மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாட்டில் ஓடும், வெள்ளை நிறமே இராது. ஒட்டக இறாலில் சிவப்புக்கிடையே பளிச்சென்ற வெள்ளைக் கோடும் புள்ளியும் இருக்கும், முதுகு கூன் விழுந்திருக்கும், கண் பெரிது. நெற்றியிலிருந்து நீளும் அலகைக் கவனியுங்கள், அது மேலும் கீழும் அசைந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஒட்டக இறால். சோவாந்திட், காளான் முருகை, மென் முருகை எல்லாவற்றையும் அது இரவில் தின்னும்.

பிடிக்க ஒரு சின்னப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு ஒன்றை வைத்து விளக்கணைந்த பிறகு விடுங்கள். உண்மையான பெப்பர்மிண்ட் கிடைத்தாலும் அது சின்ன ஐப்டேசியாக்களைத்தான் முடிக்கும். பெரியவற்றின் வாய்க்குள் ஊசியால் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்துங்கள், பிய்த்து எடுக்க வேண்டாம், பிய்ந்த துண்டெல்லாம் புதிதாக முளைக்கும்.

கிளீனர் இறால், டுரோக்கஸ் நத்தை, டர்போ நத்தை, சின்ன நீலக்கால் துறவி நண்டு, இவற்றை நம்பி விடலாம். கிளீனர் இறால் முருகைக்குக் கொடுத்த சாப்பாட்டைத் திருடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கல்லோடு வந்துசேரும் நண்டு மயிர் அடர்ந்து நகத்தின் நுனி கறுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஆனால் கிளை முருகையின் கிளைகளுக்குள் வழுவழுப்பான ஓட்டோடு ஒரு சின்ன நண்டு பதுங்கியிருந்தால் அதைத் தொடாதீர்கள். அது அந்த முருகையின் காவல்காரன், முருகையைத் தின்ன வரும் முள்முடி நட்சத்திர மீனைக்கூட நகத்தால் கிள்ளி விரட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் கடலட்டைப் பண்ணை இருக்கிறது. தொட்டி மணலைத் துப்புரவாக்க ஒரு அட்டையும், சாதாழைக்குள் கிடைக்கும் சிவப்புக் குமிழ் நட்சத்திர மீன் ஒன்றும் விடலாமா?
— வாசகர், வேலணை

பதில்: நட்சத்திர மீன் கண்டிப்பாக வேண்டாம். சாம்பல் உடலில் சிவப்புக் குமிழும் அவற்றை இணைக்கும் சிவப்புக் கோடுமாக நல்ல வடிவுதான், ஆனால் அது மென் முருகை, கடற்பஞ்சு, மட்டி என்று எதன்மேல் ஏறினாலும் வயிற்றை வெளியே தள்ளி அப்படியே கரைத்துத் தின்னும். நட்சத்திரம் வேண்டுமென்றால் சின்ன நொறுங்கு நட்சத்திரங்கள் இருக்கின்றன, கழிவைத் தின்று கல்லிடுக்கில் கிடக்கும். பச்சை நிறத்தது மட்டும் வேண்டாம், அது தூங்கும் மீனைப் பிடிக்கும்.

கடலட்டை முருகையைத் தொடாது. மணலை விழுங்கி அதிலுள்ள கழிவைச் செரித்துச் சுத்த மணலாகத் தள்ளுவது அதன் தொழில். ஆனால் பண்ணையில் வளரும் வெள்ளை அட்டைக்குப் பரந்த சேற்றுமணல் வேண்டும். வீட்டுத் தொட்டியின் மணலில் உள்ளதைக் கொஞ்ச நாளில் முடித்துவிட்டுச் சுருங்கத் தொடங்கும். கடலட்டை இனங்கள் பல செத்தாலோ பம்பில் மாட்டினாலோ விடும் நஞ்சு மீன்களைக் கொன்றுவிடும். பண்ணையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: மீன்கள் நன்றாக இருக்கின்றன. நத்தையும் இறாலும் மட்டும் ஒரு வாரம் தாண்டுவதில்லை. கிணற்று நீரில்தான் உப்புக் கலக்கிறேன்.
— வாசகர், மானிப்பாய்

பதில்: கிணறுதான் காரணமாக இருக்கும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் வந்த நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையையும் தாண்டுகிறது. மீன் தாங்கும், இறாலும் முருகையும் தாங்காது. ஆர்ஓ வடிகட்டியில் சுத்திகரித்த நீருக்கு மாறுங்கள். வெயிலில் ஆவியாகிக் குறையும் நீருக்கு உப்பில்லாத நீரைத்தான் விட வேண்டும், உப்பு ஆவியாகிப் போவதில்லை. புதிதாக வாங்கிய இறாலைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீர் விட்டு மெல்லப் பழக்குங்கள்.

கேள்வி: காரைநகர்க் கரையில் முருகைக்கல் கிடக்கிறதே, எடுத்து வைத்தால் என்ன?
— வாசகர், காரைநகர்

பதில்: சட்டப்படி குற்றம். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுக்கிறது, எல்லாக் கல் முருகைகளும், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலிலும் இருக்கின்றன. 2021இல் வெளியான ஓர் ஆய்வு நம் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றியுள்ள பாறைகளில் இலங்கைக்கே புதிதான 36 முருகை இனங்களை உறுதிசெய்தது. நம் வாசலில் என்ன இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரியவருகிறது, அதற்குள் உடைத்து எடுக்க வேண்டாம். தொட்டிக்கென்றே செய்த கல்லை வாங்குங்கள், முருகைக்கு ஏற்கெனவே வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேளுங்கள். கடற்கல்லோடு முருகை தின்னும் துருப்பெல்லா நத்தையும் வந்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மீன்களில் வெள்ளைப்புள்ளி. கடையில் செம்பு மருந்து தந்தார்கள். முருகைத் தொட்டியில் ஊற்றலாமா?
— வாசகர், குருநகர்

பதில்: ஒரு துளிகூட வேண்டாம். செம்பு இறால், நத்தை, முருகை எல்லாவற்றையும் கொல்லும், கல்லிலும் மணலிலும் ஊறி நின்று பிறகும் கசியும். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள், செம்பின் அளவைச் சோதனைப் பெட்டியால் பார்த்துக்கொள்ளுங்கள். முருகைத் தொட்டியில் மீனே இல்லாமல் இருந்தால் கிருமிக்கு ஒட்ட இடமின்றி அது அழியும், 76 நாள் என்று பலரும் கணக்கு வைக்கிறார்கள், அவசரப்பட்டு முன்னதாக மீனை விடாதீர்கள். இனி எந்த மீன் வாங்கினாலும் நாலு முதல் ஆறு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். மருந்துத் தொட்டியின் வலை, வாளி, குழாய் எதுவும் முருகைத் தொட்டிப் பக்கம் வரக்கூடாது.