ஆல்டர் செய்த பிக்அப்புக்கு என்ன விலை சொல்வது?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஏழு வருடம் ஓடிய டபுள் கேபின் பிக்அப் வைத்திருக்கிறேன். வண்டியை 2 அங்குலம் தூக்கும் லிஃப்ட் கிட், பெரிய டயர், புது வீல், முன்னால் இரும்பு பம்பர், வின்ச் (இழுக்கும் மோட்டார்), பின்னால் கேனபி (தொட்டி மூடி), எல்.இ.டி. லைட் என்று, வண்டியின் இன்றைய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவு செய்துவிட்டேன். பில் எல்லாம் இருக்கிறது. இந்தச் செலவை விலையில் சேர்க்கலாமா?

பதில்: பில் கட்டை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதலில், எதையும் மாற்றாத இதே வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். வருடம், இன்ஜின், கியர்பாக்ஸ், ஓடிய கிலோமீட்டர், ஃபோர் வீல் டிரைவா இல்லையா என்பது எல்லாம் ஒத்துப்போகிற பத்து விளம்பரங்களையாவது எடுங்கள். உச்சியில் இரண்டு, அடியில் இரண்டைத் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதைப் பிடியுங்கள். ஒரு மாதமாக விற்காமல் கிடக்கிற விளம்பரம் எதற்கும் உதவாது. அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, பேரம் முடிவது அதற்குக் கீழேதான் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்படிக் கிடைத்த விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அதே அளவுகோலில் உங்கள் செலவு 35: லிஃப்ட் கிட் 8, டயர் 6, வீல் 3, பம்பரும் வின்ச்சும் 7, கேனபி 5, லைட்டும் வயரிங்கும் 3, மாட்டுக்கூலி 3.

கூலி போனது போனதுதான். லைட்டுக்கும் யாரும் தனியாகக் காசு தருவதில்லை. கேனபி எல்லோருக்கும் பயன்படும். பூட்டு சரியாக விழுந்து, ஓரத்து ரப்பர் வெடிக்காமல் இருந்தால் பாதி விலை கிடைக்கும், 2.5 போடுங்கள். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து முன் அச்சில் நூறு கிலோ வரை ஏற்றிவிடும். வண்டி ஏற்றும் சுமையில் அத்தனை கிலோ குறைகிறது. சரக்கு ஏற்ற வாங்குகிறவருக்கு இது இடைஞ்சல், காடுமேடு போகிறவருக்கு வரம். இரண்டுக்கும் நடுவில் 2.5 நியாயம்.

டயரைக் கண்ணால் பார்த்து விலை போடக் கூடாது, அளந்து போட வேண்டும். புதிதில் 12 மி.மீ. ஆழம் இருந்த பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டி) இன்று 6 மி.மீ. என்றால் பாதி மிச்சம் என்று தோன்றும். ஆனால் 1.6 மி.மீ.யில் டயரின் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஆகவே பயன்படும் ஆழம் 10.4, மிச்சம் 4.4, அதாவது 42 சதவீதம். பழைய பொருள் என்று அதிலும் கொஞ்சம் கழித்தால் 2 நிற்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. ஆறு, ஏழு வருடமான டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் விவரம் தெரிந்தவர் விலை கொடுக்க மாட்டார். வீலுக்கு 1 போடலாம்.

மிஞ்சியது லிஃப்ட் கிட். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், மேல் கன்ட்ரோல் ஆர்ம் என்று செட்டாக மாற்றி, அலைன்மென்ட் ரிப்போர்ட்டும் இருந்தால் 2.5 தாராளமாகக் கேட்கலாம். வெறும் ஸ்பேசர் (இடைவெளி வளையம்) வைத்துத் தூக்கியிருந்தால் பூஜ்யம். முன் அச்சில் ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கியிருந்தால், தயவுசெய்து அதை எடுத்த பிறகு விற்பனைக்கு வையுங்கள். பிரேக் பிடிக்கும்போது கட்டை நழுவினால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது.

கூட்டினால் 10.5. ஆகவே உங்கள் வண்டியின் நியாய விலை 110ஐ ஒட்டி. கேட்பது 115, எதற்கும் இறங்காத கடைசி விலை 106 என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 135 கேட்டால் ஃபோனே வராது.

பழைய ஸ்பிரிங், வீல், பம்பர் எல்லாம் வீட்டில் கிடக்கிறதா? அவைதான் உங்கள் கையில் உள்ள துருப்புச் சீட்டு. அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, கூடுதலாகப் போட்டதைத் தனியாக விற்கலாம். வின்ச் எந்த வண்டிக்கும் போகும் என்பதால் தனியாக விற்றால் கூடுதலாகவே கிடைக்கும். கேனபி அதே மாடலுக்குத்தான் பொருந்தும். வண்டியோடு போவதே நல்லது. கம்பெனி பம்பரைத் திரும்ப மாட்டிவிட்டால் வாங்க வருகிறவர்களின் எண்ணிக்கையும் கூடும். சேஸிஸை வெட்டியோ வெல்டிங் வைத்தோ செய்த வேலையாக இருந்தால் இந்த வழி அடைபடும். அதற்கு விலையில் கழிவுதான்.

கேள்வி: டயர் 245/70 ஆர் 16 இருந்தது. 30,000 கி.மீ.யில் 285/75 ஆர் 16 மாற்றினேன். இப்போது மீட்டர் 80,000 காட்டுகிறது. அதையே எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. வண்டி அதைவிட அதிகம் ஓடியிருக்கிறது.

பழைய டயரின் விட்டம்: ரிம் 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ., பக்கவாட்டு உயரம் 245இல் 70 சதவீதம், அதாவது 171.5, மேலும் கீழும் சேர்த்து 343. மொத்தம் 749.4 மி.மீ. புது டயர் இதே கணக்கில் 833.9 மி.மீ. வித்தியாசம் 11.3 சதவீதம். சக்கரம் ஒரு சுற்றுக்கு அவ்வளவு அதிகம் நகர்கிறது, மீட்டருக்கோ அது தெரியாது. மாற்றிய பிறகு மீட்டர் ஏறியது 50,000. உண்மையில் ஓடியது சுமார் 55,650. ஆக மொத்தம் 85,650. மீட்டரை டயருக்கு ஏற்றபடி திருத்தியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம்.

விளம்பரத்தில் இரண்டு எண்ணையும் போட்டு, டயர் மாற்றிய பில்லைக் காட்டுங்கள். மறைத்தால், ஜி.பி.எஸ். வைத்து ஓட்டிப் பார்க்கிறவர் ஐந்தே நிமிடத்தில் பிடித்துவிடுவார். வேக மீட்டர் 90 காட்டும்போது கருவி 100ஐ ஒட்டிக் காட்டும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற எதையும் அவர் நம்பமாட்டார்.

கேள்வி: டீசல் வண்டி. ரீமேப் செய்து (இன்ஜின் மென்பொருளை மாற்றி), டி.பி.எஃப்.ஐ (புகைக்கரி வடிகட்டியை) எடுத்துவிட்டேன். இழுவை அருமையாக இருக்கிறது. கூடுதலாகக் கேட்கலாமா?

பதில்: குறைத்துத்தான் கேட்க வேண்டிவரும். புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளைக் கழற்றுவது பல நாடுகளில் சட்ட விரோதம். புகைப் பரிசோதனையில் வண்டி நின்றால் அந்தத் தலைவலி வாங்கியவருக்கு. டி.பி.எஃப்.ஐத் திரும்ப மாட்டி, கம்பெனி மென்பொருளை ஏற்றிவிட்டு விற்பதே சரியான வழி. கழற்றியதை வைத்திருக்கிறீர்கள் என்றால் செலவு குறைவு. இல்லையென்றால் புது டி.பி.எஃப். விலையோடு மாட்டுக்கூலியும் சேர்த்து வண்டி விலையில் கழியும்.

ரீமேப் என்ற சொல்லே வாங்குகிறவருக்குப் பயம் கொடுக்கும். கூடுதல் டார்க் (சுழற்றும் விசை) முதலில் அடிப்பது கிளட்சை, பிறகு டர்போவை. அந்தப் பயத்தைப் பேச்சால் போக்க முடியாது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துத் தாளைக் கையில் வைத்திருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் அழுத்த வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இன்ஜின் பற்றிய பேரம் அதோடு நிற்கும். கிளட்சைச் சோதிக்க, காலி சாலையில் நடு வேகத்தில் டாப் கியர் போட்டு ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. அதை மாற்றும் செலவை நீங்களே கழித்துச் சொல்லிவிடுங்கள். அவர் கண்டுபிடித்தால் இரண்டு மடங்கு கழிப்பார்.

கேள்வி: லிஃப்ட் செய்த பிறகு முன் சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக ஏதோ தெறித்திருக்கிறது. துடைத்துவிட்டு விற்கலாமா?

பதில்: வேண்டாம். அது கிரீஸ். வண்டியைத் தூக்கியதில் முன் ஆக்ஸிலின் சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) சாய்ந்து வேலை செய்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி, வெளி ஓரத்து மடிப்பில் கீறல் விழும். விரலால் மடிப்பை விரித்துப் பார்த்தால் மட்டுமே அந்தக் கீறல் தெரியும். இந்தக் கட்டத்தில் உறையும் கிரீஸும் மாற்றினால் போதும். விட்டுவிட்டால் உள்ளே மணல் போய், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி நகரும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வரும். அப்போது ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். துடைத்தாலும் ஐம்பது கிலோமீட்டரில் திரும்பத் தெறித்துவிடும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே பிரேக் ஹோஸையும் பாருங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் விறைத்து நின்றால் நீளமானது போட வேண்டும்.

கேள்வி: கூடுதல் லைட், ஆம்ப்ளிஃபயர், ஃபிரிட்ஜ் பாயின்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு விற்கட்டுமா?

பதில்: ரிலேயும் ஃபியூஸும் வைத்து, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கும்படி செய்த வயரிங் என்றால் இருக்கட்டும். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்டுகளைக் கழற்றுவதே மேல். வெயிலில் பசை இளகி, டேப் வாலாட்டிக்கொண்டு தொங்கும் பானெட்டைத் திறந்ததுமே வாங்குகிறவர் முகம் மாறிவிடும். கழற்றும் முன் பேட்டரியின் கரண்ட் கசிவை அளந்துவிடுங்கள். வண்டியைப் பூட்டி 40 நிமிடம் கழித்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளோடு மல்டிமீட்டரைத் தொடராக இணைத்தால் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது முள் இறங்குகிறதோ அந்த லைனில்தான் கோளாறு.

கேள்வி: விலை போட்டு மூன்று வாரம் ஆயிற்று. பார்க்க வருகிறார்கள், வாங்கவில்லை.

பதில்: ஃபோனே வராவிட்டால் விலை தப்பு. வந்து பார்த்துவிட்டுப் போனால், விளம்பரம் சொல்லாத ஏதோ ஒன்று நேரில் தெரிகிறது. பெரும்பாலும் அது அடிப்பக்கம். சேஸிஸ், பட்டை, ஆக்ஸில், சரக்குத் தொட்டியின் மூலைகள் ஆகியவற்றைக் கழுவிவிட்டுப் படம் எடுத்துப் போடுங்கள். தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் கிடந்தால் அதைத் தூக்கிவிட்டும் ஒரு படம் எடுங்கள்; அதன் அடியில் தண்ணீர் தேங்கித் துரு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். துரு இருந்தால் இருக்கிற அளவைக் காட்டி, அதற்கான தொகையை முன்கூட்டியே கழித்த விலையைப் போடுங்கள்.