வரமும் பூசாரியும்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் மாநிலத்தில், ஆல்பனிக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். ஐடி வேலை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் வட்டாரத் துப்பாக்கி உரிமைக் குழுவில் இருக்கிறேன். நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். 2022 ஜூனில், துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லும் உரிமை பற்றிய புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் எங்கள் பக்கம் தீர்ப்பு சொன்னபோது, கூட்டம் நடக்கும் ஹாலில் நிற்க இடமில்லை. இப்போது பாதி நாற்காலிகள் மடித்தபடியே கிடக்கின்றன. ‘அதுதான் ஜெயித்தாயிற்றே’ என்கிறார்கள். பெரிய துப்பாக்கி உரிமை அமைப்பான என்.ஆர்.ஏ.வும் பண விவகாரத்தில் நாறிவிட்டது. எதிர்த்தரப்பு முட்டாள்கள் மட்டும் புதுப்புதுச் சட்டமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ‘வெள்ளைக்காரர்கள் சண்டையில் உங்களுக்கு என்ன வேலை’ என்கிறாள் மனைவி. வெற்றிக்குப் பிறகு ஓர் இயக்கத்தை எப்படி உயிரோடு வைத்திருப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முகம் சுளிக்கத்தான் செய்தேன். எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. வருடத்துக்கு நாற்பதாயிரம் பேருக்கு மேல் துப்பாக்கியால் சாகிற நாடு அது. அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அங்கே இன்னும் கொஞ்சம் துப்பாக்கி புழங்கினால் நல்லது என்று என்னை நம்பவைக்க உங்களால் முடியாது, முயல வேண்டாம். ஆனால் அந்த ‘ஜெயித்தாயிற்றே’ என்னை விடவில்லை. கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெரியப்பா ஓய்வூதிய வழக்கில் ஜெயித்தவர். தீர்ப்பு வந்த அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தார். மறுவாரம் தீர்ப்பு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார், துணைக்கு நான். அங்கிருந்த எழுத்தர் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கடைசித் தாளைத் திருப்பி முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். “இதுக்கு மேலிடத்துலேர்ந்து ஆர்டர் வரணுமே” என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? பணம் வந்தது, வராமல் இல்லை. ஆனால் அதற்கு நீதிமன்ற அவமதிப்பு மனு போட வேண்டியிருந்தது. லட்டு சாப்பிட்ட யாரும் அப்போது கூட வரவில்லை.

சரி, உங்கள் நாட்டுக்கு வருகிறேன். உங்கள் குழுவில் எத்தனை பேருக்கு சிகாகோ கதை தெரியும்?

ஓடிஸ் மெக்டொனால்ட் கறுப்பர். லூசியானாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பதினேழு வயதில் சிகாகோ வந்து, பல்கலைக்கழகத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டில் மறுபடி மறுபடி திருட்டு. வயதான காலத்தில் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றால் நகரச் சட்டம் விடவில்லை. வழக்குப் போட்டார். 2010 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. உங்கள் மனைவியிடம் இவர் கதையைச் சொல்லுங்கள், வெள்ளைக்காரர் சண்டை என்று அப்புறம் சொல்ல மாட்டார்.

தீர்ப்பு வந்த நான்காம் நாள், ஜூலை 2, சிகாகோ நகர மன்றம் புதிய விதிகளை நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. அந்த விதிகளை நிதானமாகப் படித்துப் பாருங்கள், ஒரு கைதேர்ந்த பூசாரியைப் பார்க்கலாம். வீட்டில் துப்பாக்கி வைக்க அனுமதி வேண்டுமா? நான்கு மணி நேரம் வகுப்பு, ஒரு மணி நேரம் சுடுதளத்தில் பயிற்சி. நியாயம்தானே? அதே விதிகளில் இன்னோர் இடத்தில், நகர எல்லைக்குள் பொதுமக்களுக்கான சுடுதளம் எதுவும் இருக்கக் கூடாது. பயிற்சி கட்டாயம், பயிற்சி பெறும் இடத்துக்குத் தடை. நம்மூர் எழுத்தருக்குக்கூடப் புத்தி இவ்வளவு தூரம் ஓடியிருக்காது.

ரோண்டா எஸல் என்ற பெண் இதில் மாட்டினார். அவர் வீட்டில் மூன்று முறை திருட்டு முயற்சி நடந்திருந்தது. நகரத்தில் பயிற்சிக்கு இடமில்லை என்று புறநகரான டண்டீ வரை போய் அந்த ஒரு மணி நேரத்தை முடித்துக்கொண்டு வந்தார். வந்து வழக்கும் போட்டார். ‘அதான் புறநகரில் சுடுதளம் இருக்கிறதே’ என்றது நகரம். பேச்சுரிமையை இப்படிப் பக்கத்து ஊரில் போய் அனுபவித்துக்கொள் என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2011 ஜூலையில் எஸல் ஜெயித்தார்.

முடிந்ததா? இல்லை. நகரம் தடையை எடுத்துவிட்டு, சுடுதளம் எங்கே அமையலாம் என்று நில வரையறை விதிகளைக் கொண்டுவந்தது. தொழிற்சாலைப் பகுதியில் மட்டும், வீட்டிலிருந்து இவ்வளவு தூரம், பள்ளியிலிருந்து இவ்வளவு தூரம். எல்லாவற்றையும் கழித்தால் நகரப் பரப்பில் 2.2 சதவீதம்தான் மிஞ்சியது. மறுபடி வழக்கு. 2017 ஜனவரியில் அந்த விதிகளும் விழுந்தன. அதுவரை சிகாகோவுக்குள் பொதுமக்கள் போகக்கூடிய சுடுதளம் ஒன்றுகூட வரவில்லை. மெக்டொனால்ட் 2014-லேயே இறந்துவிட்டார்.

வாஷிங்டனிலும் இதே கூத்துதான். அந்த நகரத்தின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து 2008-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த டிக் ஹெல்லர் தன் துப்பாக்கியைப் பதிவு செய்யப் போனால், குண்டைத் தானே மறுபடி நிரப்பிக்கொள்ளும் கைத்துப்பாக்கியெல்லாம் எந்திரத் துப்பாக்கிக் கணக்கில் வரும் என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு ரிவால்வரைத்தான் பதிய முடிந்தது. அப்போது அந்த நகரத்தில் கைத்துப்பாக்கி வாங்கித் தர உரிமம் பெற்றிருந்தவர் ஒரே ஒருவர். 2011-ல் அவருடைய இடத்தின் குத்தகை போனதும் புதிதாக வாங்க நினைத்தவர்களுக்கு வழியே இல்லாமல் போனது. கடைசியில் போலீஸ் தலைமையகக் கட்டடத்திலேயே அவருக்கு இடம் கொடுத்தார்கள்!

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். எதிர்த்தரப்பை முட்டாள்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். புரூயன் தீர்ப்பு வந்தது ஜூன் 23. வழக்குப் போட்ட நாஷும் காக்கும் உங்கள் பக்கத்து மாவட்டமான ரென்சலேர் கவுண்டிக்காரர்கள். ஜூலை 1 அன்று, எட்டே நாளில், மாநிலத் தலைநகர் ஆல்பனியில் புதுச் சட்டம் நிறைவேறிவிட்டது. பதினெட்டு மணி நேரப் பயிற்சி, நேர்காணல், நன்னடத்தைக்கு நான்கு பேரின் பெயர், மூன்று வருட சமூக வலைதளக் கணக்குகளின் விவரம், டைம்ஸ் சதுக்கத்திலும் சுரங்க ரயிலிலும் தடை. இதில் வலைதள விதி போன்ற சிலதை மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது, பலதை விட்டுவிட்டது. தோற்ற எட்டாம் நாள் எழுந்து வேலையைப் பார்த்தவர்கள் அவர்கள். ஹாலில் நின்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் நீங்கள். யார் முட்டாள்? அவர்களுக்கும் தங்கள் பிள்ளைகள் சாகக் கூடாது என்ற ஆத்திரம் இருக்கிறது, அதை ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்திருக்கிறீர்களா?

இன்னொன்று. மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்று ஒருவர் இருந்தார். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. துப்பாக்கி எடுத்துச் செல்ல முறையான அனுமதி வைத்திருந்தார். 2016 ஜூலையில் போலீஸ் அவர் காரை நிறுத்தியது. ‘என்னிடம் துப்பாக்கி இருக்கிறது’ என்று மரியாதையாக முன்கூட்டியே சொன்னார். பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை உட்கார்ந்திருக்க, சுட்டுக் கொன்றார்கள். சுட்டவரை ஜூரி விடுதலை செய்தது. உங்கள் என்.ஆர்.ஏ. அப்போது விட்ட அறிக்கையில் அந்த மனிதரின் பெயர்கூடக் கிடையாது. கையில் அனுமதிச் சீட்டு இருந்தும் அந்தக் கறுப்பருக்கு அது எதற்கு உதவியது? உங்கள் குழுவில் என்றைக்காவது இது பேசப்பட்டதா? பேசியிருந்தால் இன்று ஹாலில் வேறு முகங்கள் இருந்திருக்கும். உங்கள் நிறத்துக்கும் இதில் அக்கறை வேண்டும் தம்பி. இருட்டில் காரை நிறுத்துகிறவர் உங்கள் குடியுரிமைச் சான்றிதழைப் பார்த்துவிட்டா துப்பாக்கியை உருவுவார்?

என்.ஆர்.ஏ. ஊழல் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அதன் முன்னாள் தலைமை நிர்வாகியை நியூயார்க் ஜூரியே 2024-ல் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிவிட்டது. எந்த அமைப்பில் சேரலாம், டி-சட்டை அச்சடிக்கலாமா, இளைஞர்களை இழுக்க என்ன செய்யலாம் என்பதெல்லாம் உங்கள் பாடு.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லவே இல்லையோ? அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளர் யாரையும் கூப்பிடாதீர்கள். விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் கவுண்டியில் அனுமதி கேட்டு எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார்கள், யாருடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள், என்ன காரணம் எழுதினார்கள் என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பியுங்கள். பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாத ஒரு முதியவளோடு கவுண்டர் வரைக்கும் கூடப் போங்கள். அப்போது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் தாளை எந்தப் பக்கத்திலிருந்து திருப்புகிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கட்டாயம் படிப்பேன்.

துப்பாக்கிப் படம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

அன்புடன்.