கஸ்தூரி மஞ்சள் முகத்தில் ஒட்டுமா?

கேள்வி: அக்கா, ஆரியங்காவு போயிருந்தபோது ஒரு கடையில் கஸ்தூரி மஞ்சள் தூள் வாங்கினேன். இரண்டு நாள் பூசியதில் முகமெல்லாம் மஞ்சள், சோப்பு போட்டும் போகவில்லை, கன்னத்தில் அரிப்பு வேறு. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, இல்லை தூளே போலியா?
- வாசகி, புளியரை

பதில்: முதலில் பூசுவதை நிறுத்து தங்கச்சி. வெறும் தண்ணீரில் கழுவு, நாலைந்து நாளில் அரிப்பு அடங்கவில்லை என்றால் தோல் டாக்டரிடம் காட்டிவிடு.

நீ வாங்கியது கஸ்தூரி மஞ்சளாக இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. சாயம் பிடிக்க வைக்கும் குர்குமின் அசலில் ரொம்பக் குறைவு, அதனால் முகத்தில் அப்படி ஒட்டாது. கேரளக் கடைகளில் இந்தப் பெயரில் அதிகம் வருவது மஞ்ஞக்கூவை. அதுவும் மஞ்சள் இனம்தான், ஆனால் கிழங்கு பெரிது, உள்ளே பளீரென்று மஞ்சளாக இருக்கும், விலையும் மலிவு. தூளாக்கிய பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால் கிழங்காகவே வாங்கு. எங்கள் கொல்லையில் அசல் கஸ்தூரி மஞ்சள் இரண்டு பாத்தி போட்டிருக்கிறோம், தை மாதம் இலை காய்ந்து சாய்ந்ததும் தோண்டுவோம். ஒன்றை உடைத்தால் உள்ளே சந்தனம் மாதிரி வெளிறிய நிறம், மூக்குப் பக்கம் கொண்டுபோனதும் கற்பூர வாசனை குப்பென்று ஏறும், நாக்கில் வைத்தால் கசப்பு. இந்த மூன்றும் இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

அசலே கிடைத்தாலும் உடனே முகத்தில் அப்பாதே. தயிரில் குழைத்து முழங்கை உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துக் கழுவிவிட்டு, இரண்டு நாள் பொறுத்துப் பார். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று சொல்லிச் சொல்லியே நிறையப் பெண்கள் முகத்தைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள், அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்குவதில்லை.

கேள்வி: நலங்கு மாவில் கார்போகரிசியும் சேர்த்து இரண்டு கிலோ அரைத்துவிட்டோம். குழந்தைகளுக்கும் தேய்க்கலாமா?
- வாசகி, கம்பம்

பதில்: வேண்டாம்மா, பெரியவர்களுக்கும் வேண்டாம். கார்போகரிசியில் சோராலென் இருக்கிறது, தேய்த்த இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கொப்புளம் வரலாம், ஆறிய பிறகு கருந்திட்டு நிற்கும். வெண்புள்ளிக்கு அதை மருந்தாகக் கொடுப்பதே இந்தக் குணத்துக்காகத்தான், அதுவும் மருத்துவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய வைத்தியம். பாசிப்பயறு, ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு போட்டுப் புதிதாகக் கால் கிலோ மட்டும் அரையுங்கள். அந்த இரண்டு கிலோவை, மனசு கேட்காவிட்டாலும், கொட்டிவிடுங்கள்.