புதிய வாடிக்கையாளரிடம் வேலையை எப்படித் தொடங்குவது?

வீட்டிலிருந்தே புத்தக வடிவமைப்பு செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள்; புதிதாக வருபவரிடம் முதலில் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே தொழில்தான்.

விலை சொல்வதற்கு முன் நூலின் கணினிக் கோப்பை வாங்கித் திறந்து பாருங்கள். தமிழ் வேலையில் இது உயிர்நாடி. ஒருமுறை, பார்க்காமலே ஒப்புக்கொண்டேன். வந்தது பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த நாவல். இன்று எங்கும் பொதுவாகப் பயன்படும் யூனிகோடுக்கு மாற்றியதும் 'கொ' எல்லாம் உடைந்து, 'கெ' ஓரிடத்தில், துணைக்கால் (ா) ஓரிடத்தில் நின்றன. 3 நாள் இரவு பகலாகத் திருத்தினேன். அதற்குத் தனியாகக் கூலி கேட்க வாய் வரவில்லை.

பிறகு, பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். புத்தகம் டெம்மி அளவா, கிரவுன் அளவா? மெய்ப்புப் பார்ப்பவர் யார்? திருத்தம் எத்தனை சுற்று? நான் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம். பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகே வேலை. இதைச் சொல்லக் கூச்சப்படவே கூடாது.

நிறுவனம் என்றால் கட்டணத்தில் 10 விழுக்காடு டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கக்கூடும். உங்கள் பான் எண்ணை (வருமான வரிக் கணக்கு எண்) முதலிலேயே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 20 விழுக்காடு போய்விடும்.

முதல் வாரத்திலேயே 4 மாதிரிப் பக்கங்களைத் தாளில் அச்செடுத்து அனுப்புங்கள். திரையில் "நன்றாக இருக்கிறது" என்றவர்கள்கூட, தாளைக் கையில் வாங்கியதும் "எழுத்து கொஞ்சம் சிறியதோ?" என்பார்கள். அந்தக் கேள்வி அப்போதே வந்துவிடட்டும்.